பச்சைக்காகக் காத்திருந்த அன்னாசி

எதையும் முறைப்படி செய்கிற ஆளிடம் ஒரு நோயாளியை ஒப்படைக்கலாம். ஒரு பழத்தையும் ஒப்படைக்கலாம். இரண்டையும் சேர்த்து ஒப்படைக்கக் கூடாது. இரண்டும் போய்விடும், முறை மட்டும் மிஞ்சும்.

நான் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பறித்த பிறகு பழத்துக்கு என்னென்ன கேடு வரும், அதை எப்படித் தள்ளிப்போடலாம் என்பது என் படிப்பு. (பறிப்பதற்கு முன்னால் வருகிற கேடு வேறு மேசை.) இன்றைக்கும் யார் வீட்டிலாவது மாங்காயை வாழைப்பழத்தோடு சேர்த்து வைத்திருந்தால் எழுந்து போய்ப் பிரித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். இப்படிப்பட்ட ஒருவனை எந்தக் குடும்பமும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். என் மாமனார் குடும்பம் நம்பிக்கையோடு பார்த்தது. அவர்கள் செய்த தவறு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் செய்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலசப்பாக்கத்திலிருந்து ஆரணிக்கு மாற்றல் வந்தது. ஆரணி என் மனைவி சரோஜாவின் ஊர். நல்ல வாடகை வீடு அமைகிற வரைக்கும் என்று சொல்லி மாமனார் வீட்டில் பெட்டியை இறக்கினோம். வீடு அமையவில்லை. (தேடினால்தானே அமைவதற்கு?) கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் மாமனார் ஏகாம்பரம், இன்னொன்றில் என் மச்சான் குமார். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவில் யாரும் என் காதுபடச் சொன்னதில்லை. அந்தத் தெருவில் தறிச் சத்தத்தில் யார் சொன்னதும் யார் காதிலும் விழாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. வலது காலில் ஆறாத புண். தறிக்குழிக்குள் மிதிபலகையை மிதிக்கிற கால் அது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், இனிப்பை நிறுத்தினார், வாரம் ஒரு முறை சிறுநீரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். விரலில் குத்திப் பார்க்கிற கருவி வீடுகளுக்கு வராத காலம். கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசல் ஒன்றை ஊற்றி, சிறுநீர் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம்.

பி.எஸ்ஸி. படித்த மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு எதற்கு அலைய வேண்டும் என்று குமார் கேட்டான். மறுநாளே குழாய், விளக்கு, நிறம் பார்க்கிற அட்டை எல்லாம் வாங்கிவந்து சமையலறை மூலையில் ஆய்வுக்கூடம் அமைத்துவிட்டேன். வாரம் ஒரு முறை என்று டாக்டர் சொன்னதைத் தினம் ஒரு முறை என்று திருத்தியதும் நான்தான்.

தினமும் செங்கல்.

"இன்னா மாப்ள, இன்னிக்கி எந்தக் கலரு?" என்று தறியிலிருந்தே கேட்பார் மாமா. குழாயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஆயுசு முழுக்கச் சாயம் பார்த்த கண். "நல்ல அரக்குங்க. பார்டருக்குப் போட்டா எடுப்பா இருக்கும்" என்று திருப்பிக் கொடுப்பார். சிறுநீர்ப் பரிசோதனை முடிவை அப்படி ரசித்த நோயாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சோறு அளவாயிற்று. காபியில் சர்க்கரை நின்றது. பாகற்காய் வாரத்தில் பாதி நாள் இலைக்கு வந்தது. அவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சென்னையில் புடவைக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு தடவை அன்னாசிப்பழம் சாப்பிட்டிருக்கிறார். அதிலிருந்து அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லையாம். ஒரு துண்டு கிடைத்தால் போதும் என்றார். சரோஜா டாக்டரிடம் கேட்டாள். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவர், "பச்சைக்கு வரட்டும்மா, ஒரு துண்டு குடுங்க" என்றார். களைத்துப்போன ஒரு மனிதர் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதற்காகச் சொன்ன வார்த்தை அது. நான் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டேன்.

அலுவலக வேலையாகச் சென்னை போனபோது கொத்தவால் சாவடியில் நல்ல பழமாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். பஸ்ஸில் ஆரணி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். முள் குத்தியது. தியாகம் செய்கிறோம் என்ற நினைப்பில் அது உறைக்கவில்லை.

பழத்தைப் பார்த்ததும் சரோஜா அரிவாள்மணையை எடுத்துவிட்டாள். நான் தடுத்தேன். காலையில்தான் செங்கல் நிறம் பார்த்திருக்கிறேன், எப்படிக் கொடுப்பது?

"ஒரு துண்டுல இன்னாங்க ஆயிடப் போவுது?"

என்ன ஆகும் என்று விளக்கினேன். கணையத்தில் தொடங்கிக் கால் புண்ணில் முடித்தேன். விளக்கிக்கொண்டிருந்த நேரத்துக்கு அவர் பழம் முழுவதையும் சாப்பிட்டு முடித்துக் கையும் கழுவியிருக்கலாம். கடைசியில் மாமாவே மகளைப் பார்த்து, "படிச்சவரு சொல்றாரு, வுடும்மா. பச்சை வரட்டும்" என்றார். சரோஜா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். அதைச் சாய்த்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

இனி பழத்தைப் பாதுகாக்க வேண்டும். ஆரணிக் கோடையில் மனிதனே ஒரு வாரத்தில் பழுத்துவிடுவான். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் காதர் பாயின் ஐஸ் கம்பெனி இருந்தது. பெரிய பெரிய ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்து வைக்கிற இருட்டு அறை ஒன்று அங்கே உண்டு. விஷயத்தைச் சொன்னதும் பாய் உடனே ஒத்துக்கொண்டார். நான் வெப்பமானியோடு போயிருந்தேன். கதவோரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். என்னிடமிருந்த அட்டவணையில் அன்னாசிக்குப் போட்டிருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்தது. திருப்தியோடு பழத்தைக் கதவோரத்தில் வைத்துவிட்டு வந்தேன். அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது.

நிறம் இறங்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. காத்திருப்பு நீண்டால் குளிரும் கூட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பாயிடம் சொல்லிப் பழத்தைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினேன். அடுத்த வாரமும் செங்கல். இன்னும் உள்ளே. குழாயில் சிவப்பு ஏற ஏற, பழம் ஐஸை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. கடைசியில் நான்கு பக்கமும் பாளங்கள், நடுவில் அன்னாசி.

"இவ்ளோ ஐஸு நடுவுல மையத்தத்தான் சார் வெப்பாங்க" என்றார் பாய். மையத்து என்றால் பிணம்.

நான் சிரித்தேன்.

இடையில் ஒரு நாள் குழாயில் பளிச்சென்று நீலம் வந்தது. பச்சைகூட இல்லை, நீலம். சரோஜா துள்ளிவிட்டாள். குமார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டான். எனக்குத்தான் இடித்தது. நேற்று வரை செங்கல், இன்று நீலமா? ஆய்வில் எதிர்பாராத முடிவு வந்தால் மாதிரியை மறுபடி எடுக்க வேண்டும் என்பது முறை. போகிற குமாரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். மாமாவிடம் மறுபடி கேட்டேன். அவர் இப்போது வரவில்லை என்றார். நான் காத்திருந்தேன். கடைசியில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்ததை ஒத்துக்கொண்டார்.

"ரொம்பத் தெளிவா இருந்துதா மாப்ள?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "கொஞ்சம் மஞ்ச கலந்து வெச்சிருக்கணும்."

நான் சிரிக்கவில்லை. மாதிரியில் கலப்படம் செய்தால் சோதனைக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் ஒரு துண்டுப் பழத்துக்காகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார். அவரிடம் நான் கேட்ட கேள்வி அது. குமார் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான்.

அதற்குப் பிறகு மாமா கலரைக் கேட்பதை விட்டுவிட்டார். பழத்தை மட்டும் விசாரிப்பார். ஒரு சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த என்னிடம், "மாப்ள, அது பத்திரமா இருக்குதுங்களா?" என்றார்.

"ரொம்பப் பத்திரமா இருக்கு மாமா" என்றேன்.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்தவர் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சத்தம் வராததைத்தான் முதலில் கவனித்தோம். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. புண்ணும் இல்லை, சர்க்கரையும் இல்லை, இதயம் என்றார் டாக்டர். நான் தினமும் கொதிக்கவைத்த குழாயில் அதற்கு நிறம் கிடையாது.

தூரத்துச் சொந்தங்கள் வந்துசேர நேரமாகும் என்பதால் ஐஸ் தேவைப்பட்டது. காதர் பாய் காசு வாங்காமல் வண்டியில் அனுப்பிவைத்தார். அன்றைக்கு ஆரணியில் பாயின் ஐஸில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் கூடத்தில். இன்னொருவர் கம்பெனியில், மரத்தூளுக்கு நடுவில், ரொம்பப் பத்திரமாக.

சரோஜா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. சோறு ஆயிற்று என்பதைக்கூடக் குமார் வழியாகச் சொல்லி அனுப்பினாள். தேவிகாபுரத்திலிருந்து மாமாவின் அக்கா வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுவோம். துக்கத்துக்கு வந்த இடத்தில் அழுகையையும் வீட்டு வேலைகளையும் ஒரே சமயத்தில் நடத்தக்கூடியவர். காரியம் முடிந்ததும் சரோஜாவைத் தேவிகாபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

ஒரு மத்தியானம் அவர்கள் இருவரும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள்.

"எங்கப்பா கேட்டது அது ஒண்ணுதான் அத்த" என்றாள் சரோஜா. "பச்சை, பச்சைன்னு சொல்லிகினே இருந்துட்டாரு. படையல்லயாவது அது அப்பாவுக்கு வந்து சேரணும். வரலன்னா நான் இங்க இருந்து இன்னா பண்ணப் போறேன்?"

ஆக, என் குடித்தனம் இப்போது ஐஸ் கம்பெனியில் இருந்தது. பதினாறாம் நாள் படையலில், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, காக்கைக்கு வைப்பார்கள். காக்கை எடுத்தால் அவர் எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான். அந்த வாரம் எனக்கு இருந்த அளவு நம்பிக்கை அத்தைக்குக்கூட இருந்திருக்காது.

படையலுக்குச் சில நாட்கள் முன்பே போய்ப் பழத்தை எடுத்தேன். குளிரிலிருந்து வெளியே எடுத்து வைத்தால்தான் மணமும் நிறமும் கூடிவரும் என்பது நான் படித்தது. பாயே மரத்தூளைத் துடைத்துக் கொடுத்தார். கொண்டை கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான். பழம் பொன்னாக இருந்தது. வீட்டில் கொஞ்சம் தணிந்த இடம் எது என்று பார்த்து, ஓடாமல் நின்ற மாமாவின் தறிக்குழியில், அவர் கால் தொங்கிய இடத்தில் வைத்தேன். இரண்டே நாளில் கூடம் முழுக்க வாசனை. வந்தவர்களெல்லாம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தைகூட மோந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, வாங்குனதுக்குப் பழுதில்ல" என்றார். சரோஜா அன்று என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை, சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைக்கும். அதற்கே எனக்குச் சோறு இறங்கியது.

படையல் நாள். மாலை போட்ட படம். முன்னால் பெரிய தலைவாழை இலை. சோறு, வடை, பாயசம், ஒரு பீடிக்கட்டு, தீப்பெட்டி. அன்னாசியை எப்படி அறுப்பது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையே அறுக்கச் சொன்னார்கள். படத்துக்கு முன்னால், மாமா பார்க்க அறுக்க வேண்டும் என்பது குமாரின் ஆசை. சொந்தம் முழுக்கச் சுற்றி நின்றது. காதர் பாய் மரியாதைக்குத் தெருவாசலில் நின்றிருந்தார்.

கொண்டையைத் திருகி எடுத்தேன். தோலைச் சீவினேன். கண்களைச் சாய்வாகக் கீறி எடுத்தேன். (வீணாகாமல் எடுக்க அதுதான் முறை.) மேலிருந்து முதல் துண்டைப் போட்டேன். மஞ்சள். நடுத்தண்டைச் சுற்றி மட்டும் ஈரம் ஊறினாற்போல ஒரு வளையம். யாரும் கவனிக்கவில்லை. அதை இலையில் வைத்தேன். இரண்டாவது துண்டில் அந்த வளையம் பழுப்பாக இருந்தது. மூன்றாவதில் கறுத்திருந்தது. அடுத்தது நன்றாக இருக்கும், அடுத்தது நன்றாக இருக்கும் என்று அறுத்துக்கொண்டே போனேன். அடிப்பாகத்துக்கு வந்தபோது, வெளியே ஒரு கீறல் இல்லாத அந்தப் பொன்னிறப் பழம், உள்ளே ஊறவைத்த புகையிலை மாதிரி இருந்தது.

தேங்காய் அழுகியிருந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அன்னாசிக்கு யாருக்கும் தெரியவில்லை. தேங்காய்க்கு என்னவோ அதுதான் இதற்கும் என்றார் ஒருவர். தேங்காய் நம்ம ஊர் வழக்கம், இது சீமைப்பழம், சேராது என்றார் இன்னொருவர். தேங்காய்க்குள்ளே பூ இருந்தால் நல்லது என்பார்களே, இதற்கு மேலேயே பூ மாதிரி இருந்ததே என்று மூன்றாமவர் ஆரம்பித்தார். அத்தை எல்லோரையும் கையமர்த்தினார்.

"எந்தம்பி ஆசயோட போவல. கோவத்தோட போயிட்டான்."

சரோஜா சுவரோடு சாய்ந்தாள். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். புத்தி உள்ள எந்த மனிதனும் அப்படித்தான் நின்றிருப்பான். எனக்கோ, என் பாடத்தில் ஒருவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது.

"இது அழுகல் இல்லீங்க" என்றேன்.

பிறகு விளக்கினேன். ஆமாம், அங்கேயே, கையில் கறுப்புத் துண்டோடு, ஊதுவத்திப் புகைக்கு நடுவில். பழத்துக்குள்ளே ஒரு பொருளும் அதைக் கறுக்கவைக்கும் இன்னொரு பொருளும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கின்றன. நடுவில் சுவர் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. அதிகக் குளிர் பட்டால் சுவர் விரிசல் விடும். ஐஸில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்துச் சூடு ஏறியதும் இரண்டும் கலந்து, நறுக்கிவைத்த கத்தரிக்காய் கறுக்கிற மாதிரி கறுத்துவிடும். பூச்சியும் இல்லை, அழுகலும் இல்லை, மாமாவுக்குக் கோபமும் இல்லை. கூட்டம் கவனமாகக் கேட்டது. ஒரு கணம் நன்றாகப் பேசுகிறோம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"அப்ப குளிருல வெச்சதால வந்துது" என்றார் அத்தை.

"ஆமாங்க."

"யாரு வெச்சது?"

பழம் ஐஸ் கம்பெனியில் வைக்கப்பட்டிருந்தது என்றேன். (துறையில் தவறு நடந்தால் ஆள் பெயர் வராமல் எழுதுவது ஒரு பயிற்சி.)

"அதத்தான் கேக்கறேன். யாரு வெச்சது?"

"நான்தான்."

"இது இப்பிடி ஆவும்னு தெரியாமயா வெச்சீங்க மாப்ள?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும். பரீட்சையில எழுதியிருக்கேன்" என்றேன்.

குமார் குனிந்து ஒரு கறுப்புத் துண்டைத் தொட்டுப் பார்த்தான். எதுவானாலும் கெட்டுப்போனதை அப்பாவுக்கு எப்படி வைப்பது என்று மெதுவாகக் கேட்டான். எனக்கு அவனைச் சமாதானப்படுத்த வேண்டும், அழுகல் இல்லை என்பதை நிரூபிக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே காரியத்தில் முடித்தேன்.

"கெடல குமாரு. தின்னா ஒண்ணும் ஆவாது, பாரு."

இலையில் வைத்திருந்த முதல் துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. கொஞ்சம் கசப்பு. நன்றாக மென்றேன். விழுங்குகிற நேரத்தில்தான் கூட்டத்தின் அமைதி உறைத்தது. இன்னும் கற்பூரம் காட்டவில்லை. காக்கைக்கு வைக்கவில்லை. இறந்தவருக்கு வைத்த இலையில் நான் கை வைத்து எச்சில் செய்துவிட்டேன். பாதி விழுங்கியதைத் திரும்பவும் எடுக்க முடியாது. அதற்கு எந்த முறையும் இல்லை.

சரோஜா சுவரை விட்டு நிமிர்ந்தாள். பதினாறு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"எங்கப்பாவுக்குக் குடுக்காத துண்ட நீங்களே தின்னுட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கை ஒப்பித்தாற்போலச் சொன்னாள். அத்தை உள்ளே போய், எடுத்துப்போவதற்காகச் சரோஜாவின் துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். யாரோ இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டார்கள். ஊரில் வேறு அன்னாசி கிடையாது. அடுத்தது சென்னையில்தான்.

வாசலில் நின்ற காதர் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பின்னால் தெர்மாகோல் பெட்டி இருந்தது. வாசற்படியில் வைத்துத் திறந்தார். மஞ்சள் மஞ்சளாகக் குச்சி ஐஸ்.

"பைனாப்பிள் ஐஸுங்க" என்றார் தயங்கிக்கொண்டே. "பழம்லாம் இதுல கெடையாது. சக்கர, கலரு, எசன்ஸு. வாசன மட்டும் அதே வாசன. ஜல்தியா வெச்சாதான் உண்டு, உருகிடும்."

அத்தை மடித்த துணியோடு வெளியே வந்து பெட்டியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "செத்தவனுக்குப் போறது வாசனதான். வெய்யிடா குமாரு" என்றார்.

குச்சியை உருவிவிட்டு ஐஸைச் சோற்றின் மேல் வைத்தான் குமார். கற்பூரம் அணைவதற்குள் பாதி உருகிவிட்டது. இலையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுச் சுவரில் வைத்தோம். மஞ்சள் தண்ணீர் சோற்றில் இறங்கி, சுவரில் வழிந்தது. எல்லோரும் தள்ளி நின்றோம். ஒரு காக்கை வந்தது. வடையைப் பார்த்தது, விட்டது. இலையைச் சுற்றி நடந்தது. பிறகு மஞ்சள் சோற்றில் மூக்கை வைத்தது. எடுத்தது. மறுபடி எடுத்தது. கடைசியில் ஐஸ் துண்டையே கொத்திக்கொண்டு எதிர் வீட்டு ஓட்டுக்குப் பறந்தது.

சரோஜா என் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"முழுக்க சக்கர" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

"கொதிக்க வெச்சா இதுக்கு இன்னா கலரு வரும்?"

"செங்கல்."

வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சிறிய விளக்கம் அதுதான். அவள் சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியது அழுகையாக மாறிற்று, பிறகு நிற்கவே இல்லை. சாவு நடந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி கொடியில் போட்டார். சாயங்கால பஸ்ஸில் அவர் மட்டும் தேவிகாபுரம் போனார். கிளம்பும்போது என்னிடம், "மாப்ள, இனிமே எதனா வாங்கினா வாங்கின கையோட குடுத்துடுங்க" என்றார். பயிற்சி வகுப்புகளில் அன்னாசி பற்றி நான் கேட்ட எந்த விரிவுரையும் அதற்கு மேல் சொல்லவில்லை.

அன்னாசியின் உட்கறுப்பைப் பற்றி அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெரிய ரகப் பழத்துக்கு இது சீக்கிரம் வரும், சின்ன ரகம் கொஞ்சம் தாங்கும். தோலில் மெழுகு பூசினால் குறையும். குளிரில் வைப்பதற்கு முன்போ பின்போ ஒரு நாள் நல்ல சூட்டில் வைத்தாலும் குறையும் என்கிறார்கள். ஐஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. வெளியே பார்த்து எதையும் சொல்ல முடியாது, அறுத்தால்தான் தெரியும். ஓய்வு பெறுகிறவரை இதை வகுப்பு வகுப்பாகச் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

வீட்டில் மட்டும் எல்லோருக்கும் தெரியும். எந்தக் காரியத்தையாவது நான் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னால், "அதுவும் ஐஸ் கம்பெனிக்குப் போயிடுச்சா?" என்பார்கள். என் மகன் கல்யாணத்துக்கு நாள் குறிக்க நான் இழுத்தடித்தபோது சம்பந்தி வீட்டாருக்கு எதிரிலேயே குமார் அதைச் சொன்னான். விளக்கம் கேட்ட சம்பந்தியிடம், காக்கை பறந்துபோனது வரைக்கும் முழுக் கதையையும் சொல்லி முடித்தான். நான் அந்தத் துண்டை மென்று காட்டியதை அவன் நடித்துக் காட்டுவான். வருஷத்துக்கு வருஷம் அதில் கூடுதலாக மெல்லுகிறேன்.

இப்போது எனக்கும் சர்க்கரை. குழாயும் விளக்கும் போய், விரலில் குத்துகிற கருவி வந்துவிட்டது. நிறம் கிடையாது, வெறும் எண். போன வாரம் மகன் அன்னாசி வாங்கிவந்தான். காலையில் பார்த்த எண் சரியில்லை. அது இறங்கட்டும், நாலு நாள் போகட்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் சரோஜா அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நடுத்தண்டு வரைக்கும் அறுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், அவள் அப்பா குழாயைப் பார்த்த மாதிரியே. சுத்தமான மஞ்சள். ஒரு துண்டைத் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"இப்பவே தின்னுடுங்க. அப்புறமா இலையில வெக்கிற வேல எனக்கு வேணாம்."